கல்லில் எழுதிய மாற்றும் நகையில் பொறித்த எண்ணும்: தமிழகத்தில் பொன்தூய்மைக் குறிப்பின் இடப்பெயர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

பொன்னின் தூய்மையைக் கண்டறிவது ஒரு தொழில்நுட்பம். கண்டறிந்ததைப் பிறர் நம்பும்படி குறித்து வைப்பது ஒரு சமூக ஏற்பாடு. தமிழகத்தில் இவ்வேற்பாடு அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சிலப்பதிகாரம் காட்டும் கடைவீதிக் கொடி, சோழர்காலக் கோயிற்சுவர்ப் பதிவு, நாணய முத்திரை, கடை முத்திரை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க், அதன் இன்றைய வடிவமான ஆறிலக்கத் தனி அடையாள எண் ஆகியவை வரிசையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றைக் கண்டவர் யார், அது எங்கே எழுதப்பட்டது, குறைந்தால் பொறுப்பு யாருடையது என்னும் மூன்று வினாக்கள் எழுப்பப்படுகின்றன. நகைக்கு வெளியே இருந்த குறிப்பு நகையின்மேல் ஏறி, இப்போது மீண்டும் நகைக்கு வெளியே செல்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மாற்று, உரைகல், வண்ணக்கன், பொன்வாரியம், ஆடவல்லான், பவுன், 916, ஹால்மார்க், தனி அடையாள எண்.

முன்னுரை

தமிழ்க் குடும்பங்களில் பொன் அணியாக மட்டும் இருப்பதில்லை. அது சேமிப்பு, மகளுக்குத் தரும் சீர், விதைப்புக்கும் மருத்துவத்துக்கும் அடகு வைத்துப் பணமாக்கும் கைம்முதல். அதனால் ஒரு நகையின் மாற்றுக் குறைவு அழகின் குறைவாக நின்றுவிடுவதில்லை. வாங்கும்போது தெரியாத இழப்பு விற்கும்போதும் அடகு வைக்கும்போதும் வெளிப்படுகிறது. வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையில் அறிவின் அளவு சமமாக இல்லாத பண்டங்களுள் பொன் முதன்மையானது. மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியும். அதில் கலந்த செம்பின் அளவு தெரியாது.

இவ்விடைவெளியை நிரப்பவே தூய்மைக் குறிகள் தோன்றின. இன்று நகைகளில் காணப்படும் ‘22கே916’ போன்ற குறிகளைப் படிக்கும் முறை பற்றி நுகர்வோர் கையேடுகள் பல உள்ளன. அவை குறியின் பொருளைச் சொல்கின்றன. அதன் வரலாற்றைச் சொல்வதில்லை. கல்வெட்டாய்வுகளோ மாற்றுப் பற்றிய குறிப்புகளை நாணயவியலின் துணைச் செய்தியாகவே பெரும்பாலும் கையாள்கின்றன. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாக வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பொன்தூய்மைக் குறிப்பின் வரலாறு, அது எழுதப்பட்ட இடத்தின் வரலாறும் ஆகும் என்பது இதன் கருதுகோள்.

மாற்று என்னும் அளவு

பொன்னின் தூய்மையைக் குறிக்கும் தமிழ்ச்சொல் ‘மாற்று’. உரைகல்லில் பொன்னை உரைத்து, அதன் கீற்றின் நிறத்தை மாற்றுத் தெரிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பிட்டு அளவைச் சொல்வது பழைய முறை. ‘மாற்றுரைத்தல்’ என்னும் சொல்லாட்சி இதிலிருந்து பிறந்தது. உரைகல்லின் மற்றொரு பெயரான ‘கட்டளைக்கல்’ திருக்குறளில் (505) ஒருவரின் பெருமை சிறுமைகளை அறியும் கருவிக்கு உவமையாக வருகிறது. ஒரு தொழிற்கருவி விளக்கமின்றி உவமையாக நிற்கவேண்டுமெனில், அதன் பயன்பாடு பொதுமக்கள் அறிந்ததாக இருந்திருக்க வேண்டும்.

பொன்னையும் நாணயத்தையும் சோதிப்போர் ‘வண்ணக்கர்’ எனப்பட்டனர். வடமவண்ணக்கன் தாமோதரனார், வடவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் எனச் சங்கப் புலவர் பெயர்களிலும் இத்தொழிற்பெயர் இடம்பெறுகிறது. வண்ணத்தைக் கண்டு தரத்தை அறிவது இவர்களது திறன். வடமொழி மரபிலும் நிறத்தைக் குறிக்கும் ‘வர்ண’ என்னும் சொல்லே தூய்மையின் அலகாயிற்று. அர்த்தசாத்திரம் பதினாறு வர்ணகம் உடையதைத் தூய பொன்னாகக் கொள்கிறது. அபுல் பசலின் அயினி அக்பரி, இந்தியாவில் பன்னிரண்டு ‘பான்’ உயர்ந்த தரமாகக் கொள்ளப்பட்டதையும், பாரசீக வழக்கில் பத்தே உச்சம் என்பதையும் பதிவுசெய்கிறது. ஒரே உலோகத்தின் ஒரே தூய்மை ஓரிடத்தில் 16, ஓரிடத்தில் 12, ஓரிடத்தில் 10, ஐரோப்பாவில் 24 என வழங்கியது.

தமிழகத்து மாற்றின் உச்ச எண் எது? 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கடற்கரையில் வாழ்ந்த டச்சுக்காரர் டேனியல் ஹாவார்ட், 1693இல் வெளிவந்த தம் நூலில், ஐரோப்பியர் 24 காரட்டு எனக் கொள்ளும் தூய பொன்னை இந்நாட்டார் பத்து மாற்றாகக் கணக்கிடுவர் என்று குறித்துள்ளார். மக்கள் வழக்கிலோ ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பதே குறையற்றதற்கு அடைமொழி. இவ்வரை மாற்று வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒன்பதரை மாற்றுப் பொன் என்ற குறிப்பு ஒன்று கிடைப்பதாகக் கொள்வோம். பத்தை உச்சமாகக் கொண்டால் அதன் தூய்மை ஆயிரத்தில் 950. பத்தரையை உச்சமாகக் கொண்டால் ஆயிரத்தில் ஏறத்தாழ 905. நூறு கழஞ்சுக் கொடையில் நான்கரைக் கழஞ்சுத் தூய பொன் இக்கணக்கில் கூடும் அல்லது குறையும். எனவே, கல்வெட்டில் கிடைக்கும் மாற்றெண்ணை இன்றைய காரட்டாக மாற்றும் ஆய்வாளர் எந்த உச்ச எண்ணைக் கொண்டார் என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

கொடியும் சிலம்பும்

தூய்மையைப் பொதுவெளியில் அறிவிக்கும் குறி ஒன்றைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை காட்டுகிறது. மதுரையின் பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னின் வேறுபாடு அறிந்த வணிகர், எவ்வகைப் பொன் எங்கே கிடைக்கும் என்று வாங்குவோர் மயங்காதவாறு கொடி உயர்த்தியிருந்தனர். இங்கே தரக்குறி பண்டத்தின்மேல் இல்லை, கடையின்மேல் இருக்கிறது. பொன் கடையை விட்டு வெளியேறியதும் கொடி அதனோடு செல்வதில்லை. கடையில் நின்று வாங்குவோருக்கு மட்டுமே அக்குறி பயன்படும்.

பண்டத்தோடு செல்லும் குறி இல்லாததன் விளைவை அதே காப்பியத்தின் மையநிகழ்ச்சி காட்டுவதாகவும் கொள்ளலாம். கோவலன் கொணர்ந்த சிலம்பு யாருடையது என்பதைச் சொல்லும் அடையாளம் எதுவும் அதன் புறத்தே இல்லை. பொற்கொல்லனின் சொல்லே சான்றாக ஏற்கப்படுகிறது. வழக்குரை காதையில் உண்மையை நிறுவ ஒரே வழி சிலம்பை உடைப்பது. உள்ளிருந்த பரல் மாணிக்கமா முத்தா என்பது அப்போதுதான் தெரிகிறது. அது உரிமை பற்றிய வழக்கே தவிர மாற்றுப் பற்றியது அன்று. எனினும் இரண்டுக்கும் அடிப்படைச் சிக்கல் ஒன்று: அணி தன்னைப் பற்றித் தானே சொல்ல இயலாதபோது, அறிந்தவர் எனக் கருதப்படுபவரின் சொல் சான்றாகிறது, அச்சொல்லைச் சரிபார்க்க அணியை அழிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நகையின் மாற்றை ஐயத்துக்கிடமின்றி அறிய அதில் ஒரு பகுதியை உருக்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை இன்றும் நீடிக்கிறது.

சுவரில் எழுதிய நகைகள்

சோழர் காலத்தில் பொன் பற்றிய குறிப்பு கோயிற்சுவரில் நிலைபெற்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகள் இதற்குத் தலையாய சான்று. முதலாம் இராசராசன் (985–1014) தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவை, தேவியர், பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். அதன்படி பொற்படிமங்கள், கலங்கள், அணிகள் ஆகியவை ஒவ்வொன்றாகப் பட்டியலிடப்பட்டன. பொன்னை எடையிட ‘ஆடவல்லான்’ என்னும் கல்லும், மணிகள் பதித்த அணிகளை எடையிடத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லும் பயன்பட்டன. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுண்மையாகச் சொல்லப்படுகிறது. 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு.

இப்பட்டியல்களின் சிறப்பு எடையின் நுண்மையோடு முடிவதில்லை. ஓர் அணியில் பொன் எவ்வளவு, அதில் கோத்த முத்துகளும் பதித்த மணிகளும் எத்தனை, அவற்றின் வகை என்ன, அரக்கு முதலியவை எடையில் சேர்ந்துள்ளனவா நீக்கப்பட்டுள்ளனவா, விலை எத்தனை காசு என்பன தனித்தனியே குறிக்கப்படுகின்றன. கல் பதித்த நகையில் அரக்கின் எடையும் பொன்னின் எடையாகக் கணக்கிடப்படும் இடர் அக்காலக் கணக்கருக்குத் தெரிந்திருந்தது. மேலும், ‘தண்டவாணி’ என்னும் ஒப்பளவுப் பொன்னை அடிப்படையாகக் கொண்டு மாற்றைச் சொல்லும் முறையும் தஞ்சைக் கல்வெட்டுகளில் உண்டு. பிற ஊர்க் கல்வெட்டுகளில் வரும் ‘துளைநிறை செம்பொன்’, ‘தீப்போக்குச் செம்பொன்’ போன்ற தொடர்களும் பொன் சோதிக்கப்பட்டதைச் சுட்டுவன. ‘தீப்போக்கு’ என்பது தீயிலிட்டுத் தூய்மை கண்டதைக் குறிக்கும். உரைகல் நிறத்தைக் கொண்டு மதிப்பிடுகிறது; தீயோ கலப்பைப் பிரித்தே காட்டுகிறது. இவ்விருவகைச் சோதனைகளின் வேறுபாடு அக்காலத்தில் உணரப்பட்டிருந்தது.

மாற்றைக் கண்டவர் யார் என்னும் வினாவுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விடை தருகின்றன. முதலாம் பராந்தகன் காலத்துப் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன்வாரியமும் குறிப்பிடப்படுகிறது. அவ்வூரின் மற்றொரு கல்வெட்டு, ஊராருக்காகப் பொன் சோதிப்போரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகிறது. மாடவீதியார், சேனையார், சங்கரப்பாடியார் என வெவ்வேறு பிரிவினரிலிருந்து பொன்மதிப்புத் தெரிந்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் எவரிடத்தும் சார்பின்றிச் சோதிக்க வேண்டும். உரைத்த பொன்துகள் ஒட்டிய மெழுகை ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

இம்மெழுகு பற்றிய விதி கூர்ந்து நோக்கத்தக்கது. உரைகல்லில் படியும் பொன்கீற்றை மெழுகால் ஒற்றியெடுப்பது வழக்கம். ஒருமுறை உரைப்பதில் ஒட்டும் பொன் கண்ணுக்குத் தெரியாத அளவினது. ஆண்டு முழுவதும் ஊரார் பொன்னையெல்லாம் உரைத்தால் அது பொருட்படுத்தத்தக்க அளவாகும். அத்துகள் சோதிப்பவருக்கு உரியதானால், தேவைக்கு மேல் உரைக்கும் ஆசை அவருக்கு எழும். அதனைப் பொதுநீர்நிலையின் கணக்கில் சேர்த்ததன் வாயிலாகச் சோதனையையும் ஆதாயத்தையும் சபை பிரித்துவிட்டது. சோதிப்பவர் சோதிக்கப்படும் பொன்னால் வேறுவழியில் பயனடையக் கூடாது என்னும் நெறி பத்தாம் நூற்றாண்டிலேயே ஊராட்சி விதியாக எழுதப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

தஞ்சைப் பட்டியல்களில் இடம்பெற்ற அணிகள் இன்று இல்லை. அவற்றைப் பற்றிய குறிப்பு மட்டும் உள்ளது. அணியின்மேல் அல்லாமல் சுவரில் எழுதப்பட்டதால்தான் குறிப்பு பிழைத்தது. ஆனால் அதே காரணத்தால், களவுபோன அணி ஒன்று வேறிடத்தில் கிடைத்தால் அதனைத் தஞ்சைப் பட்டியலோடு இணைக்கப் புறச்சான்று வேண்டும். அணி தானே எதையும் சொல்லாது. வெளியில் எழுதும் முறையின் வலிமையும் வரம்பும் இவை.

நாணய முத்திரையும் பவுனும்

குறி பொன்னோடு சேர்ந்தே பயணம் செய்த முதல் வடிவம் நாணயம். மதுராந்தகன் மாடை போன்ற நாணயங்களை ஒப்பளவாகக் கொண்டு பொன்னின் தரத்தைச் சொல்லும் வழக்கம் சோழர்காலக் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. அரசனின் முத்திரை இங்கே எடைக்கும் மாற்றுக்கும் ஒருசேரப் பொறுப்பேற்கிறது. நாணயத்தை உருக்கி அணியாக்கியதும் அப்பொறுப்பு மறைகிறது.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இவ்விடத்தைச் சவரன் பிடித்தது. 1817 முதல் வார்க்கப்பட்ட புதிய சவரன் 22 காரட்டு, எடை 7.988 கிராம். இந்நாணயம் தமிழ் வழக்கில் ‘பவுன்’ ஆகி, பின்னர் நாணயம் என்னும் பொருளை இழந்து எட்டுக் கிராம் என்னும் நிறுத்தலளவாக நிலைத்துவிட்டது. தங்கத்தின் விலையையும் மணமகளுக்குப் போடும் நகையையும் இன்றும் பவுனில்தான் சொல்கிறோம். 22 காரட்டை நகைக்குரிய இயல்பான தரமாகத் தமிழர் கருதுவதும் அந்நாணயத்தின் தரமும் ஒன்றாயிருப்பதைத் தற்செயல் எனத் தள்ள இயலாது. ஹாவார்டின் கணக்கைப் பின்பற்றினால் 22 காரட்டு என்பது ஏறத்தாழ 9.17 மாற்று. பழைய அளவு மறைந்து புதிய அளவு நிலைபெற்ற வழியில் நாணயமும் ஒன்று எனக் கொள்ள இடமுண்டு.

பட்டறையும் பொடியும்

நாணயம் உருகி நகையானபின் பொறுப்பு பொற்கொல்லரிடமும் கடைக்காரரிடமும் வந்து சேர்ந்தது. நகையின் உட்புறத்திலோ கொக்கியிலோ இடப்படும் எழுத்து முத்திரை அவர்களது உறுதிமொழி. அம்முத்திரையை நம்பியவர் அக்கடையை அறிந்தவர். ஊருக்குள் செல்லுபடியாகும் குறி அடுத்த ஊரில் வெறும் எழுத்தாயிற்று. வாங்கிய கடையிலேயே திரும்ப விற்றால் முழுவிலை, வேறு கடையில் விற்றால் பிடித்தம் என்னும் நடைமுறையின் வேர் இதுவே.

மாற்றுக் குறைவுக்கு ஏமாற்று மட்டுமே காரணம் அன்று. பற்றவைப்பும் ஒரு காரணம். நகையின் உறுப்புகளை இணைக்கப் பொற்கொல்லர் பயன்படுத்தும் ‘பொடி’, நகையின் பொன்னைக் காட்டிலும் தாழ்ந்த வெப்பத்தில் உருகவேண்டும். அதற்காக அதில் செம்பு, வெள்ளி முதலியன மிகுதியாகச் சேர்க்கப்பட்டன. 22 காரட்டுத் தகட்டால் செய்த நகையாயினும், பற்றவைப்பு மிகுந்த வேலைப்பாடாக இருந்தால் உருக்கும்போது மாற்றுக் குறைந்தது. ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்னும் வழக்குத்தொடரை இப்பட்டறைச் செயலோடு இணைத்துக் காண்பர்.

இச்சிக்கலுக்குத் தீர்வாகக் காட்மியம் கலந்த பற்றாசு வந்தது. 92 பங்கு பொன்னுக்கு 8 பங்கு காட்மியம் கலந்தால், பற்றாசின் பொன்னளவும் நகையின் பொன்னளவும் ஏறத்தாழ ஒன்றாகும். காட்மியம் 767 பாகை செல்சியசில் ஆவியாவதால் உருக்கும்போது பெரும்பாலும் வெளியேறிவிடும். ‘கேடிஎம்’ என்னும் முத்திரை இம்முறையைக் குறித்தது. அது பற்றவைப்பு முறையின் பெயரே அன்றித் தூய்மையின் அளவு அன்று. ஆயினும் ‘916 கேடிஎம்’ என்று சேர்த்தே விளம்பரப்படுத்தப்பட்டதால், கேடிஎம் என்பதே உயர்ந்த தங்கம் என்னும் எண்ணம் மக்களிடையே பரவியது. நகையின் மாற்றுக் குறையாமல் காத்த அந்த ஆவி, பட்டறையில் குனிந்து ஊதியவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. வாங்குபவரின் நம்பிக்கைக்கான விலையைத் தொழிலாளியின் உடல் கொடுத்த கட்டம் இது. காட்மியம் கலந்த பற்றாசைப் பின்னர் இந்தியத் தர நிர்ணய அமைவனம் விலக்கியது. துத்தநாகம் போன்ற பிற உலோகங்கள் அவ்விடத்துக்கு வந்தன.

அரசு தூய்மையின் எண்ணிலேயே நேரடியாகத் தலையிட்ட நிகழ்வும் இக்காலத்தது. 1963 சனவரியில் நடைமுறைக்கு வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புதிய நகைகளை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்றன. 22 காரட்டு மரபில் பழகிய பொற்கொல்லர் பெருந்துயருற்றனர். 1966இல் இவ்வரம்பு நீக்கப்பட்டது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு 1990இல் கைவிடப்பட்டது. தூய்மையின் அளவை ஆணையால் தாழ்த்த முடியவில்லை என்பது இதன் பாடம். எவ்வளவு தூய்மை என்பதை விடுத்து, சொன்ன தூய்மை உண்மையா என்பதில் அரசு கருத்துச் செலுத்தியது அடுத்த கட்டம்.

ஹால்மார்க்: ஐந்து குறியிலிருந்து மூன்று குறிக்கு

ஹால்மார்க் என்னும் சொல் இலண்டன் பொற்கொல்லர் மன்றத்தின் கூடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டம் சோதனைக்குப்பின் சிறுத்தைத்தலை முத்திரை இடுவதை விதித்தது. 1363இல் செய்தவர் குறியும், 1478இல் ஆண்டைக் காட்டும் எழுத்தும் சேர்ந்தன. ஒவ்வொரு குறியும் ஒரு பொறுப்பாளியைச் சுட்டியது. செய்தவரைக் காட்டுவது ஒரு குறி. ஆண்டெழுத்தோ அவ்வாண்டில் சோதித்த அலுவலரைக் கண்டுபிடிக்க உதவியது.

இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் தங்க நகைக்கான ஹால்மார்க் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் நகையில் ஐந்து குறிகள் இருந்தன: அமைவனத்தின் முத்திரை, தூய்மை எண், சோதனை மையத்தின் குறி, நகைக்கடையின் குறி, ஆண்டெழுத்து. 2000ஆம் ஆண்டுக்கு உரிய எழுத்து ‘ஏ’. 2017 சனவரி முதல் ஆண்டெழுத்து நீக்கப்பட்டுக் குறிகள் நான்காயின. தூய்மை எண்ணோடு காரட்டும் சேர்த்து எழுதப்பட்டது. 2021 சூலை 1 முதல் குறிகள் மூன்றாயின: முத்திரை, தூய்மை, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனி அடையாள எண். 2021 சூனில் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் தனி அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்க இயலாது.

தூய்மை எண் ஆயிரத்தில் எத்தனை பங்கு பொன் என்பதைச் சொல்லும். 22 காரட்டை 24ஆல் வகுத்தால் 0.9166 வரும், அதுவே 916. அவ்வாறே 18 காரட்டு 750, 14 காரட்டு 585, 20 காரட்டு 833, 23 காரட்டு 958. மாற்று, வர்ணகம், பான், காரட்டு என இடத்துக்கு இடம் வேறுபட்ட உச்ச எண்களின் குழப்பத்தை ஆயிரம் என்னும் பொது உச்சம் தீர்த்துவைக்கிறது.

சோதனை மையம் நகையை முதலில் ஊடுகதிர் ஒளிர்வுக் கருவியில் இட்டு மேற்பரப்பின் கலவையை அறிகிறது. பின்னர் மாதிரி எடுத்து, ஈயத்தகட்டில் பொதிந்து உலையிலிட்டுத் தாழ்ந்த உலோகங்களைப் போக்கி, நைட்ரிக் அமிலத்தால் வெள்ளியைப் பிரித்து, எஞ்சிய பொன்னை நிறுக்கிறது. உரைகல் செய்ததை ஒளிர்வுக் கருவி விரைவாகச் செய்கிறது. தீப்போக்குச் செய்ததை உலை செய்கிறது. புறத்தை அறிவது ஒன்று, உள்ளை அறிவது மற்றொன்று என்னும் பழைய பகுப்பு மாறவில்லை. குறித்த மாற்றுக்கு நகை குறைந்திருந்தால், குறைவின் மதிப்பைப்போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தரப்படவேண்டும் என 2018ஆம் ஆண்டின் அமைவன விதிகள் கூறுகின்றன. குறிக்குப் பின்னால் கோரத்தக்க ஒரு தொகை நிற்பது இக்கட்டத்தின் உண்மையான முன்னேற்றம்.

எண் அறியாதவை

இவ்வமைப்பின் எல்லைகள் மூன்று. முதலாவது, விலக்குகள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளும், ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடைகளும், குந்தன், போல்கி, ஜடாவு ஆகிய கல் பதித்த நகைவகைகளும் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற்றுள்ளன. சிறு மூக்குத்தியையும் தோட்டையும் சிறு கடையில் வாங்குபவர் பெரும்பாலும் வறியவரே. மாற்றுக் குறைவைத் தாங்கும் வலுவற்றவருக்கே குறியின் காப்பு எட்டவில்லை. கல் பதித்த நகையைச் சோதிப்பது கடினம் என்பது உண்மையே. ஆனால் அரக்கையும் மணியையும் தனித்தனியே கணக்கெழுதித் தஞ்சைக் கணக்கர் அதே கடினத்தை எதிர்கொண்டனர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இரண்டாவது, பழைய நகை. வீட்டில் உள்ள குறியற்ற நகையை மக்கள் விற்கத் தடையில்லை. எனினும் கடையில் அதன் மதிப்பை வாங்குபவரே சொல்கிறார். சார்பின்றிச் சோதிக்கவேண்டும் என்று உத்திரமேரூர்ச் சபை விதித்த நெறி இவ்விடத்தில் இன்றும் தேவைப்படுகிறது.

மூன்றாவது, குறிப்பின் இருப்பிடம். ஐந்து குறிகள் இருந்த காலத்து நகை, தன்னைச் செய்வித்த கடை, சோதித்த மையம், ஆண்டு ஆகியவற்றைத் தானே சொல்லும். தனி அடையாள எண் கொண்ட நகையில் இச்செய்திகள் இல்லை. அவை அமைவனத்தின் தரவகத்தில் உள்ளன. செயலியில் எண்ணை இட்டால் கடையும் மையமும் சோதித்த நாளும் தெரியும். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி எண் என்பதால் போலி முத்திரையைக் கண்டறிவது எளிதாகியுள்ளது. இது மறுக்கவியலாத நன்மை. ஆனால் எண் என்பது திறவுகோல் மட்டுமே; அது திறக்கும் அறை வேறிடத்தில் உள்ளது. நூறாண்டுகளுக்குப் பின் ஒரு பேழையில் இருவகை நகைகளும் கிடைத்தால், 2010ஆம் ஆண்டு நகையை ஆய்வாளர் படித்துவிடலாம். 2024ஆம் ஆண்டு நகையைப் படிக்க அத்தரவகம் அன்றும் இருக்கவேண்டும்.

முடிவுரை

தமிழகத்தில் பொன்தூய்மைக் குறிப்பு கடையின் கொடியில் தொடங்கிக் கோயிற்சுவர், நாணயம், கடை முத்திரை, ஹால்மார்க் எனப் பயணம் செய்து தரவகத்தை அடைந்துள்ளது. சோதனை நுட்பத்தின் அடிப்படை இந்நெடுங்காலத்தில் பெரிதும் மாறவில்லை. மாறியவை குறிப்பின் இருப்பிடமும் பொறுப்பேற்பவருமே. கொடிக்கு வணிகரும், சுவருக்குக் கோயிலும் சபையும், நாணயத்துக்கு அரசரும், கடை முத்திரைக்கு ஊரறிந்த ஒருவரும் பொறுப்பாயினர். இன்று விற்கும் கடையும் சோதிக்கும் மையமும் கண்காணிக்கும் அமைவனமும் பொறுப்பைப் பகிர்ந்துள்ளன.

நகைக்கு வெளியே எழுதப்படும் குறிப்பு நகை அழிந்தாலும் நிற்கும் என்பதற்குத் தஞ்சை சான்று. வெளியே எழுதப்பட்ட குறிப்பு அழிந்தால் நகை ஊமையாகிவிடும் என்பது தனி அடையாள எண் எழுப்பும் வினா. தஞ்சையில் குறிப்பைக் கல் காத்தது. தரவகத்தை எது காக்கும், எத்தனை காலம் காக்கும், அடகுக்கடை வாயிலில் நிற்பவருக்கும் பிற்கால ஆய்வாளருக்கும் அது திறந்திருக்குமா என்பன விடை காணவேண்டிய வினாக்கள். சோதனைச் செய்திகளை நெடுங்கால ஆவணமாகப் பேணும் ஏற்பாடும், ஆண்டெழுத்தை மீண்டும் நகையில் பொறிப்பதும் கருதத்தக்கவை. கல்வெட்டுகளில் உள்ள மாற்றுக் குறிப்புகளை ஊர், காலம், ஒப்பளவு வாரியாகத் தொகுத்து, மாற்றின் உச்ச எண் வட்டாரந்தோறும் வேறுபட்டதா என ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யவேண்டிய பணியாகும்.